இலவசமாய்க் கிடைத்தும் வீடு வந்து சேராத லினக்ஸ்

அண்மையில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் பூனாகலை. பண்டாரவளையில் வண்டி ஏறினால் தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றிப் போகும் பாதை. அப்படியே தொடர்ந்து போனால் கொஸ்லந்தைக்கு இறங்கலாம். வெள்ளைக்காரப் பயணிகள் லிப்டன் சீட் என்று தேடிவரும் முனையும் எங்கள் பூனாகலை மலையில்தான் இருக்கிறது. அவர்களிற் பெரும்பாலோர் தம்பேதென்னைப் பக்கமாக வந்து, ஒரு கோப்பைத் தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிவிடுவார்கள். எங்கள் லயங்கள் அவர்கள் கண்ணிற் படுவதில்லை. அது வேறு கதை.

தங்கையின் மகள் உயர்தரம் படிக்கிறாள். முன் காம்பராவின் மூலையில் அவளுடைய கணினி பழைய சேலைத் துண்டால் மூடிக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "இதுக்கு இனி ஒன்னும் செய்ய ஏலாதாம் மாமா. டவுன் கடையில சொல்லிட்டாங்க. புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்த பாவித்த இயந்திரம் அது. இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலி, நான்கு ஜிபி நினைவகம். திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இற்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்றது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால், இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே, சில விதிவிலக்குகள் தவிர, முறைப்படி ஏற்கப்படும். ஆக, ஒரு திருகாணிகூடக் கழராத இயந்திரம் ஒரு திகதியால் குப்பையாகிவிட்டது. எங்கள் தோட்டங்களில் உள்ள கணினிகள் பெரும்பாலும் கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்டவை, அல்லது வெளிநாட்டிலிருந்து அன்பர்கள் அனுப்பிவைத்தவை. அந்தத் திகதியின் அடி எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை.

புதிய கணினியை விடுங்கள். விண்டோஸ் உரிமம் ஒன்றை முறையாக வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டேன். வீட்டுப் பதிப்பின் விலை அமெரிக்காவில் 139 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 41,700 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால், என் தங்கை ஏறத்தாழ 31 பேர் போட வேண்டும். மலையகத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக ஒரு சொல்: செக்ரோலில் ஒரு நாள் வேலை பதிவாவதைத்தான் நாங்கள் 'ஒரு பேர்' என்போம். மழை நாளும் காய்ச்சல் நாளும் கழித்து, கொழுந்தின் நிறையும் குறையாமல் இருந்து, 31 பேர் சேர எத்தனை வாரமாகும் என்பதை அவரவரே எண்ணிக்கொள்க.

உண்மையில் இந்தக் கணக்கை நம் நாட்டில் எவரும் போடுவதில்லை. உரிமம் வாங்கினால்தானே கணக்கு! மென்பொருள் விற்பவர்களின் சங்கமான பி.எஸ்.ஏ. 2011 ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட கணக்கின்படி, இலங்கையிற் கணினிகளில் ஏற்றப்பட்ட மென்பொருளில் நூற்றுக்கு 84 பங்கு உரிமம் இல்லாதது. விற்பவர் போட்ட கணக்கு, கொஞ்சம் கூட்டியிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாதி என்றாலும் பெரிய பங்குதான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றித் தலையங்கம் எழுதிய பத்திரிகை மேசைகளிலேயே எத்தனை கணினிகள் அந்த 84 இல் சேர்ந்தவை என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கு விடை தெரியும்.

லினக்ஸின் ஆர்வலர்கள் ஒரு விடயத்தை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் "இலவசம், இலவசம்" என்று சொல்லிக்கொண்டு வரும்போது, எதிரில் நிற்பது 139 டொலர் விண்டோஸ் அன்று. அதுவும் இலவசமாகவே நிற்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு: திருட்டு விண்டோஸோடு, அதைப் போட்டுத் தரும் மனிதரும் சேர்ந்து வருகிறார். ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ கொடுத்தால் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் போட்டு, பாமினி எழுத்துருவையும் ஏற்றி, "ஏதும்னா கோல் எடுங்க" என்று இலக்கத்தையும் தந்துவிட்டுப் போகிறார். லினக்ஸோடு அப்படி ஒருவர் வருவதில்லை. என் வாதம் முழுவதும் இவ்வளவுதான்; மிகுதியெல்லாம் அதற்கான சாட்சியம்.

நான் கணினி வல்லுநன் அல்லன். பேராதனையிற் கலை படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். ஆனால் லினக்ஸோடு எனக்கு இருபது ஆண்டுப் பழக்கம் உண்டு. அது ஒரு தோல்வியில் தொடங்கியது.

2006 இல் உபுண்டு இறுவட்டு ஒன்று எனக்குத் தபாலில் வந்தது. மார்க் சட்டில்வேர்த் என்ற தென்னாபிரிக்கச் செல்வந்தர் 2004 இல் தொடங்கிவைத்த வெளியீடு அது. கேட்டவர்க்கெல்லாம், எந்த நாடானாலும், தபாற்செலவுகூட வாங்காமல் இறுவட்டு அனுப்பினார்கள். 2011 வரை அந்தத் தருமம் நடந்தது. 'மனிதர்களுக்கான லினக்ஸ்' என்பது அவர்களது விருதுவாக்கு. அந்நாளைய கொழும்பில் வெளிநாட்டிலிருந்து தமிழ்ப் பெயருக்கு வரும் பொதி என்றால் தபாற்காரரும் இரண்டு கேள்வி கேட்டுத்தான் கொடுப்பார். கேட்டார், கொடுத்தார். அழகான உறை. அதை எடுத்துக்கொண்டு, ஏதோ தீபாவளிப் புத்தாடை கொண்டுபோகிறவன் போல, பூனாகலையில் அக்காள் வீட்டுக்குப் போனேன். அக்காள் மகனுக்கு அப்போது பதினாறு வயது. இருவரும் உட்கார்ந்து இரவோடிரவாக ஏற்றிவிட்டோம். திரையில் மண்ணிறத்தில் ஒரு முகப்பு வந்தது. ஒரு வைரஸ் கிடையாது, ஒரு சதமும் செலவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையிற் பையன் சினிமாப் பாட்டு இறுவட்டைப் போட்டான். எம்பி3 பாடல்கள். பாடவில்லை.

எம்பி3 வடிவத்துக்குக் காப்புரிமை இருந்தது. அதன் உரிமக் கட்டணத் திட்டம் 2017 இல்தான் முடிவுக்கு வந்தது. எனவே அதைப் பாடவைக்கும் துணுக்கை இறுவட்டில் சேர்க்காமல், வேண்டுவோர் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்க என்று விட்டிருந்தார்கள். கொள்கையளவில் மிகவும் சரி. ஆனால் அந்த வீட்டில் இணையம் ஏது? கணினிக்குள்ளே இருந்த மோடத்தை லினக்ஸ் அடையாளம் காணவில்லை. அக்காலத்து மலிவு மோடங்கள் பாதி வேலையை விண்டோஸிடமே விட்டுவிடுபவை. அவற்றைத் தயாரித்தவர்கள் லினக்ஸுக்கு ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. சிடிஎம்ஏ தொலைபேசியை ஒட்டிப் பார்த்தோம். அது இழுத்த வேகத்தில் ஒரு கோப்பு இறங்குவதற்குள் அட்டை தீர்ந்தது. "என்ன மாமா, ஒரு பாட்டுக்கூடக் கேக்க ஏலாத கம்பியூட்டரா?" என்று பையன் கேட்டான். அடுத்த வாரம் யாரோ ஒருவர் வந்து ஐந்நூறு ரூபாவுக்கு விண்டோஸைத் திரும்பவும் போட்டுவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. இன்று நினைத்தால் பையன் செய்ததே நியாயம்.

இதற்கு ஒரு பரம்பரைக் காரணமும் உண்டு. யுனிக்ஸ் 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. கென் தொம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் அதைத் தங்களுக்காகவே எழுதிக்கொண்டார்கள். எழுதியவரும் பாவித்தவரும் ஒரே கூட்டம். மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும் டெலிடைப் இயந்திரத்தில் வேலை செய்தமையால், கட்டளைகளை இரண்டெழுத்தில் முடித்துக்கொண்டார்கள். கோப்புகளைப் பட்டியலிட 'எல்எஸ்', பிரதிசெய்ய 'சீபீ', நகர்த்த 'எம்வீ'. தெரிந்தவனுக்குச் சுருக்கெழுத்து, தெரியாதவனுக்கு மந்திரம். 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் க்னூ திட்டத்தை அறிவித்தபோதும், 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டபோதும், இந்த வழக்கு மாறவில்லை. கடைசிப் பயனரை எண்ணி ஒரு முகப்பு வேண்டும் என்று மத்தியாஸ் எட்ரிக் என்ற ஜெர்மானிய மாணவர் கேடீஈ திட்டத்தை அறிவித்தது 1996 இல். க்னோம் அதற்கடுத்த ஆண்டு. முகப்பு நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே வந்தது. ஆனால் ஏதாவது கோளாறு என்று கேட்டால் இன்றைக்கும் வருகிற பதில், "டேர்மினலைத் திறந்து இந்த வரியைத் தட்டு" என்பதே. அதுவும் ஆங்கிலத்தில். கேட்பவர் தம்மைப்போல் இன்னொரு தொழினுட்பர் என்ற அனுமானம் ஐம்பது ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, யுனிக்ஸ் குடும்பம் சாமானியனுக்கு ஒத்துவராது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். பூனாகலையில் இன்று அது இல்லாத வீடு அரிது. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளின் அடியில் ஓடுவது லினக்ஸ் கருவேதான். முதல் அன்ட்ரொய்ட் தொலைபேசி 2008 இல் வந்தது. கொவிட் காலத்தில், 2020 இலும் 2021 இலும், பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது, சிக்னல் தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறி உட்கார்ந்து வட்ஸ்அப்பிற் பாடம் எழுதிய எங்கள் பிள்ளைகளின் கையில் இருந்தது லினக்ஸ். புலம்பெயர்ந்த வாசகர்கள் மடியில் வைத்திருக்கும் மெக் கணினியும் அதே குலம். யுனிக்ஸ் என்ற பெயரை முறைப்படி சூடிக்கொள்ளும் சான்றிதழை அது 2007 இலேயே பெற்றுவிட்டது. எழுத்தறியாத என் அத்தை ஒருவர் துபாயிலிருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேசுகிறார். அவரிடம் யாரும் டேர்மினலைத் திறக்கச் சொன்னதில்லை.

அங்கே மட்டும் எப்படி இயன்றது? தொலைபேசி பெட்டியைவிட்டு வெளியே வரும்போதே எல்லாம் ஏற்றப்பட்டிருந்தது. தமிழ் எழுத்து உள்ளே இருந்தது. பாட்டுப் பாடியது. பழுதானால் பண்டாரவளையில் ஐந்து கடைகள் இருந்தன. யாரோ ஒரு நிறுவனம் தன் இலாபத்துக்காகத்தான் என்றாலும், கடைசி மனிதன்வரை பொறுப்பை ஏற்றுக்கொண்டு வந்தது. மேசைக் கணினியில் அந்தப் பொறுப்பை விண்டோஸ் சார்பிற் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். லினக்ஸ் சார்பில் ஒருவரும் ஏற்கவில்லை.

அரசாங்கம் ஏற்கலாமே என்று கேட்பீர்கள். அயலில் இரண்டு மாநிலங்கள் முயன்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தமிழ்நாட்டில் 2006, 2007 காலப்பகுதியில், எல்காட் என்ற அரச மின்னணு நிறுவனம், அப்போதைய நிர்வாக இயக்குநர் சி. உமாசங்கரின் முனைப்பில், தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பெரிய துணிவு அது. சென்னையில் சீ-டெக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டையும் உருவாக்கியது. பின்பு 2011 செப்டெம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, பாஸும் விண்டோஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திருச்சிப் பக்கம் போயிருந்தேன். தங்கிய வீட்டுப் பிள்ளையிடம் அந்த மடிக்கணினி இருந்தது. தொடங்கும்போது இரண்டு பெயர் தோன்றும். இதில் மற்றது என்ன என்று கேட்டேன். "அது வேண்டாம் அங்கிள், அதைத் தொட்டா லேப்டாப் கெட்டுப்போயிடும்னு சொல்லிருக்காங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட லினக்ஸ், திறக்காத அறையாக இருந்தது.

கேரளத்தில் வேறு விதம். அங்கே 2001 இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் முற்றாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. முதலில் ஆசிரியர்களைப் பழக்கினார்கள். பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள். பத்தாம் வகுப்பின் தகவல் தொழினுட்பத் தேர்வையே லினக்ஸில் வைத்தார்கள். தேர்வில் வருகிறது என்றால் பெற்றோரும் தனியார் வகுப்புக்காரரும் தாமாகவே பின்னால் வருவார்கள்; இது நம்மவர்க்கும் சொல்லித்தர வேண்டிய உண்மையன்று. மென்பொருளிற் பெரிய வித்தியாசமில்லை; இரண்டும் டெபியன் வழிவந்தவைதாம்.

பணக்கார நாட்டுக்கும் இதே கதி. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி லினக்ஸுக்கு மாறுவதென்று 2003 இல் முடிவெடுத்தது. பத்தாண்டு உழைத்துப் பதினையாயிரம் அளவிலான கணினிகளை மாற்றியது. 2017 இல் மீண்டும் விண்டோஸுக்கே போவதென்று வாக்களித்தது. அரசியலும் இருந்தது, அலுவலர்களின் முறைப்பாடும் இருந்தது. இப்போது அதே நாட்டின் சிலெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் மைக்ரோசொப்டை விட்டுவிடப் புறப்பட்டிருக்கிறது. பார்ப்போம்.

நம் நாட்டிலும் ஆளில்லாமற் போகவில்லை. ஹந்தானை லினக்ஸ் என்று ஒன்று வந்தது. பெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கியது. கண்டிப் பக்கத்து ஹந்தானை மலைத்தொடரின் பெயர். பேராதனையிற் படித்தவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே மனம் குளிரும். இணையம் இல்லாத வீட்டையும் நினைவில் வைத்து, வேண்டிய மென்பொருள்களை இறுவட்டிலேயே திணித்துக் கொடுத்தார்கள். 2006 இல் என் கையில் அது இருந்திருந்தால் அக்காள் மகன் பாட்டுக் கேட்டிருப்பான். ஆனால் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை எதிலும் அது ஓடியதை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் கொழும்பிலிருந்த கணினிப் பொறியியலாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்து சகானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பெயரையும், முகாம்களில் இருப்போரையும், தேவைப்படும் பொருட்களையும் பதிவதற்கானது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006 இல் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டே மண்சரிவுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது. 2014 ஒக்டோபர் 29 இல் எங்கள் பக்கத்து மீரியபெத்தையில் மலை இறங்கியபோது செய்திக்காகப் போனேன். உயிர் தப்பியவர்கள் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளில் தங்கியிருந்தார்கள். காணாமற்போனோர் நூறா, இருநூறா, முந்நூறா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் எண் வந்துகொண்டிருந்தது. நான் கண்டவை கொப்பித் தாளிற் பேனாவால் எழுதிய பட்டியல்கள். மழையில் மை கரைந்திருந்தது. கொழும்பில் எழுதிய ஒன்று பிலிப்பைன்ஸ்வரை போயிருந்தது என்பதை அன்றைக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தங்கை மகளின் கணினிக்கு வருகிறேன். இந்த முறை நான் தனியாக முயலவில்லை. பழைய பாடம் நினைவிருந்தது. பண்டாரவளையிற் கைத்தொலைபேசி திருத்தும் தம்பி ஒருவர் எங்கள் தோட்டத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருப்பார். அவரை அழைத்து, பென் டிரைவில் இருந்த லினக்ஸ் மின்டைக் காட்டினேன். அதற்கு முன் அவர் லினக்ஸைக் கண்டதில்லை. ஆனால் நின்றுபோன தொலைபேசிகளுக்கு இயங்குதளத்தை அழித்து மறுபடி ஏற்றுவது அவருக்கு அன்றாட வேலை. "இதுவும் ஃபிளேஷ் பண்ற மாதிரிதானே மாமா" என்று உட்கார்ந்தவர், அரைமணி நேரத்தில் என்னைவிடத் தெளிவாகிவிட்டார். பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு ஓர் எஸ்எஸ்டி போடச் சொன்னதும் அவரே. கணினி இப்போது பறக்கிறது என்றால் அந்தப் புகழிற் பாதி எஸ்எஸ்டிக்கு. முழுவதையும் லினக்ஸுக்குக் கொடுப்பது பத்திரிகைத் தர்மம் ஆகாது.

இரண்டு சிக்கல்கள் வந்தன. ஆசிரியர் அனுப்பிய பயிற்சித்தாளைத் திறந்தாள்; தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை. "பாத்தீங்களா மாமா, தமிழே வரல." லினக்ஸுக்குத் தமிழ் தெரியும்; ஆசிரியரின் தாள் பாமினியில் இருந்தது. இலங்கையில் முப்பது ஆண்டாகப் பத்திரிகை, அச்சகம், பாடசாலை எல்லாவற்றையும் ஆண்ட எழுத்துரு பாமினி. நானும் அதில் உழன்றவன். அதில் 'ஜே' விசையைத் தட்டினால் 'த' என்று விழும். ஆனால் கணினியின் கணக்கில் அது இன்னமும் 'ஜே'தான். பாமினி என்ற முகமூடியைப் போட்டு நாம் அதைத் 'த' என்று பார்க்கிறோம். முகமூடி இல்லாத கணினியில் உண்மை முகம் தெரிகிறது. தீர்வு சிரிப்புக்கிடமானது: பாமினிக் கோப்பைக் கொண்டுவந்து எழுத்துருக் கோப்புறையிற் போட வேண்டும். ஒரு நிமிட வேலை. ஒருங்குறிக்கு மாற்ற வேண்டுமானால், சுரதாவின் பொங்குதமிழ் மாற்றிக் காலத்திலிருந்தே அதற்கு வழி உண்டு. எழுதுவதற்கு, இலங்கைத் தரமாக 2008 இல் ஏற்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலேயே இருக்கிறது. தமிழ்99 உம் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு நிமிட வேலையைச் சொல்லித்தர ஆளில்லாத வீட்டிலோ, "லினக்ஸில் தமிழ் வராது" என்ற தீர்ப்பு அன்றே எழுதப்பட்டுவிடும்.

மற்றது அச்சுப்பொறி. பக்கத்து வீட்டிலுள்ள மலிவு லேசர் இயந்திரம் இரண்டு மாலை நேரங்களைத் தின்றது. தம்பி விடாப்பிடியாக நின்று ஓடவைத்தார். அதிலுள்ள வருடி இன்னும் வேலை செய்யவில்லை.

இவ்விடத்தில் என் பழைய கருத்து ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். தெரிவுப் பட்டியல் முழுவதும் தமிழில் இருந்தால்தான் சாமானியனுக்குக் கணினி வசப்படும் என்று ஒருகாலத்தில் வரிந்துகட்டி எழுதினேன். தங்கை மகளுக்குத் தமிழ் முகப்பைத்தான் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டாள். பாடநூலில் 'பணிசெயல் முறைமை' என்று படிக்கிறாள். தமிழ்நாட்டார் அதையே 'இயங்குதளம்' என்கிறார்கள். அவளுக்கு அது 'சாவிப்பலகை', அவர்களுக்கு 'விசைப்பலகை'. திரையில் பாதி ஒன்று, பாதி மற்றது, மொழிபெயர்க்காத பாதி ஆங்கிலம். கடையிலும் வகுப்பிலும் எல்லாரும் 'சேவ்' என்றுதான் சொல்கிறார்கள். அவளுக்கு வேண்டியது தமிழில் எழுதுவதும் தமிழில் விளக்கம் படிப்பதும். விளக்கத்துக்குக் கணியம் இதழ் 2012 இலிருந்து செய்துவரும் தொண்டு பெரிது. அதை அவளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். பொத்தானின் பெயர் எந்த மொழியில் இருக்கிறது என்ற சண்டையை ஒத்திவைக்கலாம்.

எதிர்வாதமும் உண்டு. பத்திரிகைப் பக்கம் கட்டும் மென்பொருள் லினக்ஸில் ஓடாது. ஆகவே என் அலுவலக மேசையில் இன்றும் விண்டோஸ்தான். நானே முழுதாக மாறாமல் மற்றவனை மாறச் சொல்வதா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் நான் பேசுவது மாற்றம் செய்யத் தெரிவுள்ளவர்களைப் பற்றியன்று. சேலைத் துண்டால் மூடிக் கிடந்த கணினிக்கு வேறு தெரிவு இருக்கவில்லை.

எனவே டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் மலையகப் பாடசாலைகளுக்குப் பழைய மடிக்கணினிகளைத் திரட்டி அனுப்பும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்புபவற்றிற் பல அந்த ஒக்டோபர்த் திகதிக்கு அந்தப் பக்கம் நிற்பவை. வன்தட்டைத் துடைத்து வெறுமையாக அனுப்பாதீர்கள். லினக்ஸை ஏற்றி, பாமினியையும் ஒருங்குறி எழுத்துருக்களையும் போட்டு, தமிழ் விசைப்பலகையைச் சரிசெய்து, இணையமின்றித் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். பத்து மடிக்கணினிக்குப் பணம் சேர்ந்தால் ஒன்பதை அனுப்பி, பத்தாவதன் பணத்தை அந்தப் பக்கத்திலுள்ள தொலைபேசி திருத்தும் பிள்ளை ஒருவருக்குக் கொடுங்கள். முதலாண்டில் மாதம் ஒருமுறை பாடசாலைக்குப் போய்வர அவருக்கு வண்டிச் செலவும் அரைநாட் கூலியும் ஆகும். படத்திற் பத்துக்குப் பதில் ஒன்பது தெரியும், அவ்வளவுதான்.

போன வாரம் தம்பி பேசினார். அதன்பின் இன்னும் நான்கு வீடுகளிற் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். ஒரு வீட்டில் மட்டும், பையன் விளையாடும் விளையாட்டு ஓடவில்லை என்று விண்டோஸையே திரும்பப் போடச் சொல்லிவிட்டார்களாம். போட்டுக் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"குடுத்துட்டேன் மாமா. நாளைக்கு வேற ஒன்னுக்கு அவங்க என்னத்தானே கூப்பிடனும்" என்றார்.